நெடுஞ்சாலையில் டொர்னாடோ வந்தால் பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாமா?

ஏப்ரல் 12, சனி, காலை 9:40

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டாவிலிருந்து ஒரு தம்பி, மேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழலும் டொர்னாடோ பற்றிக் கேட்ட கேள்வி இது: "அக்கா, கான்சஸுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. தினமும் 40 நிமிடம் ஹைவேயில் வேலைக்குப் போகிறேன். வழியில் டொர்னாடோ வந்தால் பாலத்துக்கு அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, சரிவில் ஏறி மேலே பாலத்தைத் தாங்கும் கர்டர் ஓரமாக ஒண்டிக்கொள் என்று ஆபீஸில் ஒருவர் சொல்கிறார். அப்படித் தப்பித்தவர்களின் வீடியோவையும் காட்டினார். செய்யலாமா?"

செய்யாதீர்கள் தம்பி. பாலம் கூடவே கூடாது.

அவர் காட்டிய வீடியோ எது என்று தெரியும். 1991 ஏப்ரல் 26, உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கான்சஸ் டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில் எடுத்தது. ஒரு டிவி குழுவும் சில பயணிகளும் பாலத்தின் இடுக்கில் ஒண்டியிருப்பார்கள், இரைச்சலோடு காற்று கடந்து போகும், எல்லோரும் உயிரோடு எழுந்து வருவார்கள். நாடு முழுக்கப் பல வருடம் ஓடிய காட்சி. அதில் தெரியாத விஷயங்கள் இரண்டு. அந்தச் சுழல் வலுவில்லாதது, அவர்கள் மேல் நேராக ஏறவும் இல்லை. அந்தப் பாலத்தின் அமைப்பும் தனி. மேலே கர்டர்களுக்கு நடுவில் ஆள் புகுந்து பிடித்துக்கொள்ள இடம் இருந்தது. பெரும்பாலான பாலங்களில் அது கிடையாது, வழுவழுப்பான கான்கிரீட் சரிவு மட்டும்தான்.

அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் பாலங்களைத் தேடி ஓடினார்கள். அன்று மூன்று பாலங்களுக்கு அடியில், பாலத்துக்கு ஒருவராக, மூன்று பேர் செத்தார்கள். தப்பித்தவர்களில் பலர் உடம்பைப் பார்த்துக்கொள்ளவே முடியாத காயங்களோடு தப்பித்தார்கள்.

காரணம் எளிது. தரையை ஒட்டிக் காற்று கொஞ்சம் தணிந்திருக்கும், சரிவில் ஏற ஏற வேகம் கூடும். பாலத்தின் இடுக்கு அந்தக் காற்றை இன்னும் நெருக்கித் தள்ளும். அதோடு வருவது வெறும் காற்றில்லை. மரச்சட்டம், தகரம், கண்ணாடி, சரளை. இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. பத்து வண்டி பாலத்தடியில் நின்றால் பின்னால் வரும் நூறு வண்டிக்கு வழி கிடையாது.

ஏப்ரல் 12, மதியம் 12:05

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே சைரன் அடித்தது. பயப்பட வேண்டாம், ஓக்லஹோமா சிட்டி சுற்றுவட்டாரத்தில் சனிக்கிழமை மதியம் 12 மணிக்குச் சைரன் சோதனை. வானம் நிஜமாகவே மோசமாக இருந்தால் சோதனையை ரத்து செய்துவிடுவார்கள், ஜனங்கள் குழம்பக் கூடாதே. புதிதாக வந்த எல்லோருக்கும் முதல் சனிக்கிழமை நெஞ்சு ஒருமுறை நின்று போகும். உங்கள் ஊரில் எந்த நாள் என்று விசாரித்து வையுங்கள்.

ஏப்ரல் 13

ஏன் டொர்னாடோ என்று எழுதுகிறேன், சூறாவளி என்று எழுதலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் நம் பத்திரிகைகள் சூறாவளி என்ற சொல்லைக் கடலில் பிறக்கும் புயலுக்கும் போடுகின்றன, இதற்கும் போடுகின்றன. புயல் என்றால் நாலு நாள் முன்பே பெயர் வைத்து, கூண்டு ஏற்றி, படகைக் கரையேற்ற நேரம் இருக்கும். இதற்கு எச்சரிக்கை கிடைத்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான். சுழல்காற்று என்றால் சித்திரை வெயிலில் பொட்டலில் சருகைச் சுழற்றுமே, அதுதான் என் கண்ணில் வருகிறது. அதனால் டொர்னாடோ என்றே வைத்துக்கொள்கிறேன். நல்ல சொல் யாராவது சொன்னால் மாற்றிக்கொள்ளத் தயார்.

ஏப்ரல் 13, இரவு

ஒரு திருத்தம். தனிச்செய்தியில் ஒருவருக்கு 1999 மே 3 காற்றின் வேகம் மணிக்கு 318 மைல் என்று பதில் போட்டேன். அது அன்றைக்குச் செய்திகளில் வந்த எண். லாரி மேல் ரேடார் ஏற்றிக்கொண்டு போய் அளந்த குழு பிறகு வெளியிட்டது 301 மைல், 20 கூடலாம் குறையலாம் என்று. 2021இல் அதே தரவை மறுபடி அலசி 321 என்றார்கள். கிலோமீட்டரில் 500ஐத் தாண்டுகிறது. எந்த எண்ணாக இருந்தாலும், சாதாரண மரவீட்டுக்கு அது ஒன்றுதான்.

ஏப்ரல் 15

டல்லாஸ் அக்கா ஒருவர், "நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாடு, முன்கூட்டியே சொல்ல முடியாதா?" என்று கேட்கிறார். இதை விவரமாக எழுத வேண்டும் என்று நாலைந்து வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முன்கூட்டிச் சொல்லும் முயற்சி 1880களிலேயே தொடங்கிவிட்டது. அப்போது வானிலை ராணுவத்தின் சிக்னல் படையிடம் இருந்தது. ஜான் பார்க் ஃபின்லி என்ற இளம் அதிகாரி ஊர் ஊராக ஆட்களைச் சேர்த்துக் குறிப்பு வாங்கி, 1884இல் டொர்னாடோ கணிப்பு போட்டுப் பார்த்தார். 2,803 கணிப்புகள், 96.6 சதவீதம் சரி என்றார். உடனே இன்னொருவர் கணக்கைப் பிரித்துக் காட்டினார்: கண்ணை மூடிக்கொண்டு எல்லா நாளும் "வராது" என்றே சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும்! கணிப்பின் தரத்தை எப்படி அளப்பது என்ற ஒரு துறையே அந்தச் சண்டையில் பிறந்தது. ஆனால் நான் ஃபின்லி பக்கம்தான். வந்தவை 51, அதில் 28ஐ அவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தார். ரேடார் இல்லை, பலூன் இல்லை, தந்தி மட்டும்.

சில வருடங்களில் மேலிடம் கணிப்பில் "டொர்னாடோ" என்ற சொல்லையே போடக்கூடாது என்று நிறுத்தியது. சொன்னால் ஜனங்கள் பீதியடைவார்கள், நஷ்டம் அதிகமாகும் என்பது வாதம். அந்தத் தடை ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீடித்தது.

அந்த அரை நூற்றாண்டுக்குள் வருகிறது 1925 மார்ச் 18. ஒரு டொர்னாடோ மிசௌரியில் மதியம் 1 மணிக்குத் தரை தொட்டு, இல்லினாயைக் குறுக்கே கிழித்து, இந்தியானாவில் 4:30க்கு ஓய்ந்தது. 219 மைல், அதாவது 350 கிலோமீட்டர். 695 பேர் செத்தார்கள். அமெரிக்காவில் ஒரே டொர்னாடோவில் இத்தனை பேர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மர்ஃபிஸ்பரோ என்ற ஒரே ஊரில் 234 பேர். டி சோட்டோ என்ற சின்ன ஊரின் பள்ளிக்கூடத்தில் 33 பிள்ளைகள். மேகம் தரையோடு தரையாக இருந்ததால் நாம் படத்தில் பார்க்கும் தும்பிக்கை வடிவமே பலர் கண்ணுக்குப் படவில்லை. கருப்பாக ஏதோ மூட்டம் உருண்டு வருகிறது என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அது மணிக்கு 60 மைலுக்கு மேல் நகர்ந்தது. அன்றைய முன்னறிவிப்பில் அந்தச் சொல் இல்லை.

இதில் என் மனம் ஆறாத இடம் இதுதான். மேற்கே ஓர் ஊர் அழிந்து மூன்று மணி நேரம் கழித்துக் கிழக்கே இன்னோர் ஊர் அழிகிறது. தந்தி, தொலைபேசி எல்லாம் இருந்த காலம். ஆனால் "வருகிறது" என்று முன்னால் இருக்கும் ஊருக்குச் சொல்வது யாருடைய வேலையாகவும் இல்லை.

தடை உடைந்தது இங்கே, என் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில். 1948 மார்ச் 20 இரவு டிங்கர் விமானப்படைத் தளத்தில் டொர்னாடோ புகுந்தது. எந்த எச்சரிக்கையும் இல்லை, விமானங்கள் நொறுங்கி ஒரு கோடி டாலர் நஷ்டம். தளத்தின் ஜெனரல் இரண்டு வானிலை அதிகாரிகளைக் கூப்பிட்டு, இதை முன்கூட்டிச் சொல்ல வழி உண்டா பாருங்கள் என்றார். மேஜர் ஃபாபுஷ், கேப்டன் மில்லர். பழைய வரைபடங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் ஐந்தே நாளில், 25ஆம் தேதி காலை, அன்றைய வரைபடம் 20ஆம் தேதியைப் போலவே இருப்பதைப் பார்த்தார்கள். ஒரே தளத்தில் ஒரே வாரத்தில் இரண்டாவது முறை வரும் என்று எந்த முகத்தோடு சொல்வது? சொன்னார்கள். விமானங்களை ஷெட்டுக்குள் தள்ளினார்கள், ஆட்களை ஒதுக்கினார்கள். மாலையில் வந்தே விட்டது. விமானங்களுக்கு 60 லட்சம் டாலர் சேதம், ஆனால் இந்த முறை ஆட்கள் பாதுகாப்பான இடத்தில் இருந்தார்கள். அடுத்த சில வருடங்களில் பொதுமக்களுக்கும் கணிப்பு சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஏப்ரல் 16

அதே ஃபின்லிக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் சரியாகாது. வீட்டின் தென்மேற்கு மூலையில் ஒதுங்குங்கள் என்று எழுதினார். தென்மேற்கிலிருந்து வருகிறது, இடிபாடு வடகிழக்குப் பக்கம் விழும், அதனால் தென்மேற்கு பத்திரம் என்ற நியாயம். கேட்டால் நானும் நம்பியிருப்பேன். 80 வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். 1966 ஜூன் 8, கான்சஸின் டொபீகா நகரம் அடிபட்ட பிறகு, ஈகிள்மன் என்ற பேராசிரியர் இடிந்த வீடுகளில் அறை அறையாக ஏறி இறங்கிப் பார்த்தார். தென்மேற்கு மூலைதான் மோசம் என்று தெரிந்தது. நிலவறையில்கூட.

டொபீகாவில் அன்று இன்னொரு நம்பிக்கையும் போயிற்று. ஊருக்குத் தென்மேற்கே பர்னெட்ஸ் மவுண்ட் என்று ஒரு மேடு. அது ஊரைக் காக்கும் என்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். டொர்னாடோ அந்த மேட்டின் மேலேயே ஏறி இறங்கி ஊருக்குள் வந்தது.

ஏப்ரல் 19

ஷெல்டர் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மூர், ஓக்லஹோமா சிட்டிக்குத் தெற்கே. இந்தப் பக்கம் செம்மண் களி, மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும், அதனால் நிலவறை உள்ள வீடுகள் குறைவு. கார் நிறுத்தும் இடத்துக் கான்கிரீட்டை வெட்டி எடுத்து, ஓர் இரும்புப் பெட்டியை இறக்கியிருக்கிறார்கள். மேலே இழுத்து மூடும் மூடி, ஐந்து படி, இரண்டு பக்கமும் பெஞ்சு. ஆறு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். மேலே கார் நின்றாலும் சக்கரங்களுக்கு நடுவில் நுழைந்து இறங்க முடியும். உள்ளே இரும்பும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசனை. ஒரு பையில் தண்ணீர், டார்ச், விசில், கெட்டி ஷூ, சைக்கிள் ஹெல்மெட் மூன்று. ஹெல்மெட் விஷயத்தை லேசாக நினைக்காதீர்கள், சாவுகளில் பெரும்பங்கு தலைக்காயம். நகராட்சியில் இந்தப் பெட்டியைப் பதிவு செய்திருக்கிறோம். மேலே வீடு விழுந்து மூடி திறக்காவிட்டால் எங்கே தோண்டுவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். மாநில அரசு சூனர்சேஃப் என்று குலுக்கல் போட்டு, கிடைத்தவர்களுக்குச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. எங்களுக்கு விழவில்லை, சொந்தக் காசில்தான் போட்டோம்.

2013 வரை இது எங்களிடம் இல்லை. வாடகை வீடு. கேட்டதற்கு, "நடுவில் இருக்கும் பாத்ரூம் போதும்" என்றார் வீட்டுக்காரர்.

அந்த வருடம் மே 20, மதியம் 3 மணியளவில் மூரின் நடுவே புகுந்தது. 24 பேர். பிளாசா டவர்ஸ் தொடக்கப்பள்ளியில் ஏழு பிள்ளைகள். எங்கள் தெரு தப்பியது. மூன்றாம் நாள் இடிபாடு அள்ளப் போனோம். ஒரு வீட்டில் தரை மட்டும் இருந்தது, குளியலறை டைல்ஸ் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக. கூட வந்த ஓர் என்ஜினியர் குனிந்து கான்கிரீட்டின் ஓரத்தைக் காட்டினார். சுவரின் அடிச்சட்டத்தைப் போல்ட்டு போட்டு முடுக்கியிருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆணிகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. முதலில் கார் ஷெட்டின் அகலக் கதவு உள்ளே மடங்கும், காற்று புகுந்து கூரையைத் தூக்கும், கூரை போனால் சுவர் நிற்காது என்று விரலால் வரைந்து காட்டினார். "கொஞ்சம் இரும்புக் கிளிப்பும் போல்ட்டும் இருந்திருந்தால், ஓரத்தில் இருந்த பாதி வீடுகள் நின்றிருக்கும்" என்றார். நடுவில் சிக்கியதை எந்தப் போல்ட்டும் காப்பாற்றாது, ஆனால் பெரும்பாலான வீடுகள் ஓரத்தில்தான் இருந்தன.

மூர் நகராட்சி 2014இல் விதியை மாற்றியது. புது வீடுகள் மணிக்கு 135 மைல் காற்றைத் தாங்க வேண்டும், கார் ஷெட் கதவு உட்பட. டொர்னாடோவை மனதில் வைத்து இப்படி விதி போட்ட முதல் ஊர் இதுதான். பிளாசா டவர்ஸையும் அன்று இடிந்த இன்னொரு பள்ளியான பிரையர்வுட்டையும் பாதுகாப்பு அறையோடு திரும்பக் கட்டினார்கள். 1999லும் அடிபட்ட ஊர், 2003லும் அடிபட்ட ஊர், 2014 வரை ஏன் காத்திருந்தோம் என்பதற்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 24

"சைரன் கேட்டால் ஓட வேண்டியதுதானே, அப்புறம் எப்படிச் சாகிறார்கள்?" இந்தக் கேள்விக்கு ஜாப்ளின்தான் பதில்.

2011 மே 22, ஞாயிறு, மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின். டொர்னாடோ தரை தொடுவதற்கு 20 நிமிடத்துக்கு முன்பே முதல் சைரன் அடித்துவிட்டது. 158 பேர் செத்தார்கள். 1953இல் மிச்சிகனின் ஃபிளின்ட் அருகே 116 பேர் செத்த பிறகு, ஒரே டொர்னாடோவில் நூறைத் தாண்டியது அதுதான் முதல்முறை. ரேடார், டிவி, கைப்பேசி எல்லாம் இருக்கும் காலத்தில்.

வானிலைத் துறை பிறகு ஊரில் போய் ஜனங்களிடம் கேட்டது. பலர் முதல் சைரனுக்கு அசையவில்லை. அடிக்கடி அடிக்கும், ஒன்றும் வராது என்று பழகிவிட்டது. வாசலில் வந்து வானத்தைப் பார்த்தார்கள், டிவி போட்டார்கள், சொந்தக்காரருக்குப் போன் செய்தார்கள். இரண்டு மூன்று வழியில் உறுதியான பிறகுதான் நகர்ந்தார்கள். இதை நான் குறை சொல்ல மாட்டேன். மனுஷ சுபாவம் அதுதான்.

ஊரின் பெரிய ஆஸ்பத்திரியான செயின்ட் ஜான்ஸ் நேராக அடிபட்டது. ஜன்னல்கள் போயின, கரண்ட் போயிற்று, ஜெனரேட்டரும் போயிற்று. நோயாளிகள் ஐந்து பேரும் பார்க்க வந்த ஒருவரும் இறந்தார்கள். பிறகு இன்னொன்று வந்தது. காயத்துக்குள் குத்தி இறங்கிய மண், மரத்தூளிலிருந்து ஒரு பூஞ்சை. 13 பேருக்குப் பிடித்து, ஐந்து பேரைக் கொண்டுபோயிற்று. வெளியே தையல் போட்டு மூடிய காயம் உள்ளே அழுகியிருக்கிறது. காற்று ஓய்ந்து பத்து நாளாகியும் அந்த டொர்னாடோ கொன்றுகொண்டுதான் இருந்தது.

ஜாப்ளினுக்குப் பிறகு எச்சரிக்கையின் மொழி மாறியது. "டொர்னாடோ எச்சரிக்கை" என்ற ஒரே வாசகத்துக்குப் பதில், என்ன ஆகும் என்பதையே எழுதினார்கள்: வீடுகள் முற்றாக அழியும், நடமாடும் வீடுகளில் இருப்பவர்கள் பிழைப்பது அரிது என்கிற மாதிரி. 2012இல் இதைச் சோதனையாகத் தொடங்கிய அலுவலகங்களில் தம்பி, உங்கள் விச்சிட்டாவும் ஒன்று. போனில் அப்படி வாசகம் வந்தால் பயமுறுத்துகிறார்கள் என்று தள்ளாதீர்கள். ஜாப்ளினில் பள்ளிக்கூடத்தை அந்த வருடம், 2011 ஆகஸ்டில், சொன்ன தேதிக்கே திறந்தார்கள், மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு ஷாப்பிங் மாலுக்குள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

மே 3

இன்று 1999இன் நினைவு நாள். இங்கே வயதானவர்கள் "மே மூணு" என்றால் வருடம் சொல்ல மாட்டார்கள்.

எஃப்-5, இஎஃப்-5 என்பதன் அர்த்தம் கேட்டிருந்தீர்கள். டெட்சுயா ஃபுஜிதா, ஜப்பானியர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1945இல் ஹிரோஷிமா, நாகசாகி இடிபாடுகளில் மரங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று பார்த்துக் குறித்தவர். அதே கண்ணோடு 1971இல் டொர்னாடோவுக்கு அளவுகோல் போட்டார். சேதத்தைப் பார்த்துக் காற்றை ஊகிப்பது அது. எஃப் என்றால் ஃபுஜிதா, 0 முதல் 5 வரை, 5தான் உச்சம். இஎஃப் என்பது அதன் பிந்தைய திருத்திய வடிவம். 1974 ஏப்ரல் 3, 4இல் 13 மாநிலங்களில் 148 டொர்னாடோ வந்தபோது, விமானத்தில் பறந்து ஒவ்வொரு தடத்தையும் வரைந்தார்.

சேதத்தை வைத்து அளப்பதால் ஒரு சங்கடம். 2013 மே 31, ஓக்லஹோமா சிட்டிக்கு மேற்கே வந்த எல் ரீனோ டொர்னாடோ 4.2 கிலோமீட்டர் அகலம், பதிவானதிலேயே பெரியது. ரேடாரில் 300 மைல் வேகம் தெரிந்தது. ஆனால் போன வழி வயல்வெளி, உடைக்க வீடு குறைவு. அதனால் ஏட்டில் இஎஃப்-3.

சாவு எண்ணிக்கையிலும் இதே கதைதான். 1840 மே 7, மிசிசிப்பி ஆற்றங்கரையில் நாச்செஸ், 317 பேர் என்று கணக்கு. பெரும்பாலும் படகுகளில் இருந்தவர்கள். சுற்றியிருந்த தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களை யாரும் எண்ணவில்லை. 1936இல் மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ, 216 பேர். கறுப்பினத்தவர் கணக்கில் சேரவில்லை. பட்டியல்களில் இந்த எண்களைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் படியுங்கள்.

மே 31, சனி

எல் ரீனோ என்று எழுதியதிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை. முதல் குறிப்பில் பாலம் கூடவே கூடாது என்று அடித்துச் சொன்னேன். சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

2013 மே 20க்குப் பிறகு 11ஆம் நாள் அது. மூரில் இன்னும் சவ ஊர்வலங்கள் முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, மேற்கே பெரிதாக ஒன்று வருகிறது என்று டிவி எல்லாம் அலறியது. பாத்ரூம் போதாது என்று நாங்கள் கண்ணால் பார்த்திருந்தோம். இரண்டரை வயது மகளைப் பின்சீட்டில் கட்டி, தெற்கே போய்விடலாம் என்று கிளம்பினோம். ஊரே அப்படி நினைத்திருக்கிறது. ஐ-35 நெடுஞ்சாலையில் நகரவே முடியவில்லை. பக்கவாட்டில் புல்மேட்டிலும் வண்டிகள், எதிர்த்தடத்திலும் வண்டிகள். ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. முன்னே ஒரு பாலம். அதன் அடியில் மூன்று வரிசையாக வண்டிகள் அடைத்து நின்றன, அதனால்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நிழலுக்குள் எங்கள் வண்டியும் ஒன்று போய்விட வேண்டும் என்றுதான் மனம் தவித்தது. பாலத்தைப் பற்றி எல்லாம் படித்திருந்தும்.

அது நகரத்துக்கு வராமல் மேற்கேயே ஓய்ந்தது. வந்திருந்தால் அந்தச் சாலையில் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அன்று அந்த டொர்னாடோவில் இறந்த எட்டுப் பேரும் வண்டிகளில் இருந்தவர்கள். அதில் டிம் சமராஸ், அவர் மகன், கூட்டாளி கார்ல் யங் மூவரும் டொர்னாடோக்களைத் துரத்திப் போய் ஆராய்ந்தவர்கள். மழைநீர்க் குழாய்களுக்குள் ஒதுங்கி வெள்ளத்தில் போனவர்களும் உண்டு.

அதனால் தம்பி, பாலத்தடி கூடாது என்று மனப்பாடம் செய்வது மட்டும் போதாது, அந்த நேரத்தில் கால் தானாக அங்கேதான் போகும். வண்டியில் அந்த நேரம் இல்லாமல் இருக்கப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை கிளம்பும் முன் ரேடார் பாருங்கள், சந்தேகமென்றால் ஆபீஸிலேயே இருந்துவிடுங்கள். வழியில் மாட்டினால் பக்கத்தில் இருக்கும் கெட்டியான கட்டடத்துக்குள் ஓடுங்கள், பெட்ரோல் பங்கின் கழிவறையானாலும் சரி. எதுவுமே இல்லையென்றால் பெல்ட்டோடு குனிந்து, ஜன்னல் மட்டத்துக்குக் கீழே தலையை மூடிக்கொள்ளுங்கள். சாலையைவிடத் தாழ்வான பள்ளம் இருந்தால் அதில் குப்புறப் படுங்கள்.

உங்கள் 40 நிமிடப் பாதையில் எட்டு இடம் குறித்து வைத்திருக்கிறேன் என்று நேற்று எழுதியிருந்தீர்கள், அதில் ஒன்று நூலகத்தின் நிலவறை என்று. எனக்கு அது போதும்.

இன்று மதியம் சைரன் சோதனை முடிந்ததும் எங்கள் ஷெல்டர் மூடியை இழுத்துப் பார்த்தேன். பாதியில் சிக்கியது. மகள் டார்ச் பிடிக்க, மூடி ஓடும் தடத்தில் சேர்ந்திருந்த மணலைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்து எண்ணெய் விட்டிருக்கிறேன். இப்போது ஒற்றைக் கையால் திறக்கிறது.